லியாவ் முதலாளிக்கு வாயாக இருந்தேன்

மார்ச் 4
காங்ஷான் ஊர்த் திருகாணித் தொழிற்சாலையில் முதல் நாள். பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் வியட்நாமிய மொழி படித்ததற்குக் களப்பயிற்சி இதுதான்: முதலாளி லியாவ் திட்டுவதை வியட்நாம் தொழிலாளிகளுக்கு எடுத்துச் சொல்வது. மனிதர் பாக்கை மென்றுகொண்டே பேசுகிறார். அவர் பேசுவதையே முதலில் எனக்கு யாராவது மொழிபெயர்க்க வேண்டும்.

எல்லாம் அந்த ஹனோய் இடத்துக்காக. துறையிலிருந்து ஒருவரைத்தான் ஒரு வருடம் அங்கே படிக்க அனுப்புவார்கள். லியாவ் போடப்போகும் மதிப்பெண்தான் எனக்குக் கணக்கு. போட்டிக்கு இருப்பவன் கை-லுன். அவனுக்கு வியட்நாமிய மொழியில் 'வணக்கம்', 'பீர்' இரண்டும் தெரியும். அந்தத் துரைக்குக் களப்பயிற்சி சுற்றுலாக் கம்பெனியில். ஏசி வேறு.

மார்ச் 12
"சோம்பேறிப் பன்னிங்க, கையை அசைக்கச் சொல்லு" என்றார். "கொஞ்சம் வேகமா முடிக்கச் சொல்றார்" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பேராசிரியர் ஷீ இதைத்தான் 'பண்பாட்டுப் பாலம்' என்கிறார். பாலமாம். சாக்கடை மேல் போட்ட பலகை.

மார்ச் 26
மரை போடும் மெஷினில் நிற்கும் குயென் அக்கா லீவு கேட்டார். ஊரில் அம்மாவுக்கு ஆபரேஷன், பத்து நாள் போக வேண்டும். லியாவ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இதுங்க எல்லாத்துக்கும் அம்மாவுக்கு ஆபரேஷன்தான். போனா அப்படியே போகச் சொல்லு."

நான் சொன்னது: "இப்போ வேலை அதிகமாம். பாத்துக்கலாம்னு சொல்றார்."

"நல்ல மனுஷன். ரொம்ப நன்றின்னு சொல்லு தங்கச்சி."

சொன்னேன். லியாவ் விழித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

ஏப்ரல் 8
சிரிப்பா வந்துச்சு? நல்லா வேணும் எனக்கு.

அக்கா டிக்கெட்டே வாங்கிவிட்டார். நாளை மறுநாள் விமானம். லியாவ் என்னைக் கூப்பிட்டார். "அன்னிக்கே முடியாதுன்னு சொன்னேனே. அவகிட்ட சொன்னியா இல்லியா?"

சொன்னேன், அவங்கதான் கேக்கல — இந்த ஒரு வரி போதும், ஹனோய் எனக்குத்தான். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அக்கா டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறார்.

"சொல்லல. நீங்க சொல்றத ஒரு நாளும் அப்படியே சொன்னதில்ல" என்றேன்.

பிறகு அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பன்னியையும் சேர்த்து. அவர் லியாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "இவனைப் போய் நல்லவன்னு நெனச்சேனே. நீதானே நெனைக்க வெச்சே."

அப்புறம் குரலை உயர்த்தாமல் ஒன்று சொன்னார். அதையும் முதலாளிக்கு அப்படியே சொன்னேன்: "லீவு என் ஒப்பந்தத்துலயே இருக்கு. தர்றியா, தொழிலாளர் அலுவலகத்துக்குப் போன் போடவா?"

லியாவ் மெல்வதை நிறுத்தினார். "பத்து நாள்தான். அதுக்கு மேல கூடாதுன்னு சொல்லு."

சொன்னேன்.

மே 21
மதிப்பெண் வந்தது. தேறவில்லை. குறிப்பு: 'அதிகம் பேசுகிறார்.' நான் பேசினேனாம். ஹனோய்க்குக் கை-லுன் போகிறான்.

அக்டோபர் 9
குயென் அக்காவின் அம்மா நடமாடுகிறாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவிடம் பேசிப் பழகுகிறேன். நான் பேசுவது செய்தி வாசிப்பது மாதிரி இருக்கிறதாம், காது கொடுத்துக் கேட்க முடியவில்லையாம்.

சாயங்காலம் கை-லுன் ஹனோயிலிருந்து கூப்பிட்டான். "வீட்டுக்காரம்மா ஏதோ கத்துறாங்க. என்னன்னு கேட்டுச் சொல்லேன்." போனை அந்தம்மா பக்கம் நீட்டச் சொன்னேன். மூச்சு விடாமல் பொழிந்தார். குளியலறை முழுக்க பீர் பாட்டிலாம்.

"கோவமா இருக்காங்களா?" என்றான்.

"இரு, சொல்றேன்."

அந்தம்மா சொன்ன சோம்பேறிப் பன்னியிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு வார்த்தை விடவில்லை.