அழுத்தக்காரிக்கு இன்னொரு பெயர்

அம்மா,

உன் பீரோவைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை மூஞ்சியில் அடித்தது. நீ போய் ஒரு வருஷமாகப் போகிறது, அது இன்னும் போகவில்லை. இந்த வாசனை எனக்குக் குமட்டும் என்று உனக்குத் தெரியும். சின்ன வயதில் ஒருமுறை உன் கூறைப்புடவை மேலேயே வாந்தி எடுத்தேன். நாலு சாத்து சாத்திவிட்டு, புடவையை அலசிக் காயவைத்து மடித்து, அதற்குள் இன்னும் இரண்டு உருண்டையைச் சொருகினாய். இன்றைக்கு மூக்கைத் துப்பட்டாவால் சுற்றிக்கொண்டுதான் தேடினேன். என் சின்ன வயதுப் போட்டோ ஏதாவது வேண்டியிருந்தது. டாக்டர் கேட்டிருக்கிறார்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. அடையாறில் ஒரு மனநல டாக்டரிடம் போயிருந்தேன். நீ இருந்திருந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் மேற்கொண்டு பேசியிருப்பாய். எனக்கு ஆட்டிசம் இருக்கலாம் என்கிறார் அவர். தொற்றுகிற வியாதி இல்லை, பிறவியிலேயே மூளை வேறு மாதிரி வேலை செய்கிற விஷயம். உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் சின்ன வயதில் நான் எப்படி இருந்தேன் என்று தெரிய வேண்டுமாம். "அடுத்த தடவை வரப்ப அம்மாவக் கூட்டிட்டு வாங்க" என்றார். "அம்மா செத்துட்டாங்க" என்றேன். "ஐயோ, சாரிம்மா" என்றார். நீங்க ஒண்ணும் பண்ணலையே என்று சொல்ல வாயெடுத்தவள், நல்லவேளையாக நிறுத்திக்கொண்டேன். அந்த அளவுக்கு நீ என்னை அடித்துத் திருத்தியிருக்கிறாய்.

இதெல்லாம் ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் என் கம்பெனி. சாஃப்ட்வேரில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை. வீட்டில் திட்டு வாங்கித் தந்த குணத்துக்கு அங்கே சம்பளம் தருகிறார்கள். பக்கத்து சீட்டுப் பெண் தன் மகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். சட்டையில் லேபிளை வெட்டினால்தான் போடுவானாம். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொள்வானாம். எதைச் சொன்னாலும் சொன்னபடியே எடுத்துக்கொள்வானாம். டாக்டர் இதற்கு ஒரு பெயர் சொன்னார் என்றாள். கையில் எடுத்த சோற்றை நான் திரும்ப டப்பாவிலேயே வைத்துவிட்டேன்.

நீயும் எனக்கு ஒரு பெயர் வைத்திருந்தாய். அழுத்தக்காரி. மனதில் இருப்பதை வெளியே விடாமல் வேண்டுமென்றே கமுக்கமாக இருப்பவள். "வாய்ல இன்னா கொழுக்கட்டயா? கேக்கறாங்க இல்ல, சொல்லேன்டி அழுத்தக்காரி." செங்கல்பட்டு வீட்டில் நமக்கு இருந்ததே ஒரு கூடம். அதில் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால் எனக்கு ஒரு வார்த்தையும் பிரிந்து கேட்காது. நான் பதிலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே தலையில் குட்டு விழும். எனக்குள் அழுத்தம் என்று எதுவும் இருந்ததில்லை அம்மா, கூச்சல்தான் இருந்தது.

'வரேன்' விவகாரம் உனக்கு மறந்திருக்காது. யாராவது "வரேன் பாப்பா" என்று சொல்லிக் கிளம்பினால் நான் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவேன். வருகிறேன் என்றுதானே சொன்னார்கள்? நான் கிளம்பும்போது "போறேன்" என்பேன். போகத்தானே போகிறேன்? நீ காதைத் திருகினாய். "போறேன்னு சொல்லாதடி. எவங்க வூட்லேந்து கெளம்புனாலும் போய்ட்டு வரேன்னுதான் சொல்லணும். தெரிதா?" எவர் வீட்டிலிருந்து என்றாலும். தெரிந்தது. அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம், நான் ஐந்தாவது படிக்கும்போது, எதிர்வீட்டு ரயில்வேக்காரர் செத்துப்போனார். வெளியே பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். காதைப் பொத்தக் கூடாது என்று நீ முறைத்ததால் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். நீ எழுந்து ஒன்றும் சொல்லாமல் வெளியே நடந்தாய். நான் மட்டும் நிலைப்படியில் நின்று, அவருடைய சம்சாரத்தைப் பார்த்து, நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே கணீரென்று, "போய்ட்டு வரேன்" என்றேன். அழுதுகொண்டிருந்த பெண்கள் எல்லாரும் அப்படியே அழுகையை நிறுத்திவிட்டார்கள். சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டுமாம். வருகிறேன் என்றால் அந்த வீட்டில் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று அர்த்தமாம். இதை எனக்கு யார் சொன்னார்கள்? நடுத்தெருவில் கன்னம் பழுக்கப் பழுக்க அடித்தாய். "வேணும்னே பண்றா, வேணும்னே என் மானத்த வாங்கறா" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாய். அடியெல்லாம் மறந்துபோனது. அந்த 'வேணும்னே' இன்னும் மறக்கவில்லை. அந்தத் தெருவிலேயே உன் பேச்சை எழுத்து பிசகாமல் கேட்டு நடந்தது நான்தான்.

உன்னோடு எனக்கு ஒரு நல்ல நாளும் இருந்தது. நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று என்னைக் காது பார்க்க ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாய். என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு அவரோடு ரொம்ப நேரம் பேசினாய். வெளியே வந்தவள் வீட்டுக்குப் போகாமல் மகாபலிபுரம் பஸ்ஸில் ஏற்றினாய். ஏன் என்று நான் கேட்கவில்லை, பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்திருந்தது. கடற்கரையில் மணலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குக் கொட்டிக்கொண்டே இருந்தேன். வீட்டில் பருப்பைக் கொட்டினால் அடிக்கிறவள் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. "காதுல ஒண்ணும் இல்லியாம்" என்றாய். உன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஏம்மா என்றேன். "மண்ணு பட்டுச்சு" என்றாய். உன் இமையை விரித்துப் பிடித்து நான் ஊதிவிட்டேன். இத்தனை வருஷம் அது மண் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

என் கல்யாணத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. கூடுவாஞ்சேரியில் கட்டிக்கொடுத்தாய். "உம் பொண்ணு மூஞ்சப் பாத்துக்கூடப் பேச மாட்டேங்கறா" என்று மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார். ஆடிக்கு என்னை அழைத்து வந்தாய். ஆவணியில் அழைத்துப்போக யாரும் வரவில்லை. "உன் அழுத்தத்துக்கு எவன் குடித்தனம் பண்ணுவான்?" என்று நீ கேட்டாய். நான் முற்றத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

டாக்டர் அம்மாவைக் கூட்டிவரச் சொன்னபோது நான் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். இதற்குத்தான் இத்தனையும் எழுதினேன். அவர் அந்தப் பெயரை உறுதி செய்துவிட்டால், பாவம், எங்கம்மாவுக்கு என்ன தெரியும், அந்தக் காலத்தில் யாருக்குத்தான் தெரியும் என்று சொல்லி உன்னை மன்னித்துவிடலாம். அதற்காகத்தான் போக நினைத்தேன். நீ இல்லையென்றால் என்னைச் சின்ன வயதில் பார்த்த ஆள் ஒன்று வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை படாளத்துக்குப் போய் உன் தங்கச்சியைப் பிடித்தேன்.

சித்தி வாசலில் வேர்க்கடலை காயவைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் கடலையைத் துழாவுவதை நிறுத்திவிட்டாள். "அப்பவே ஒரு டாக்டரு சொன்னாரு கண்ணு. காதுக்குத்தான் உன்ன இட்டுக்கினு போனா. காதுல ஒண்ணும் இல்ல, புள்ளயே வேற மாரி கீது, மெட்ராசுக்கு இட்டுக்கினு போய்க் காட்டுன்னாரு. இன்னாவோ இங்கிலீசுல ஒரு பேரு. உங்கம்மா வாய்ல நொழயல. பொட்டப் புள்ள, வெளிய தெரிஞ்சா எவன் கட்டுவான்னு எங்கிட்ட வந்து அழுதா. யாராண்டயும் சொல்லாதன்னு என் கையில சத்தியம் வாங்கிக்கினா."

ஆக, அது மண் இல்லை.

டாக்டரிடம் வந்து இதைச் சொல்கிறாயா என்று சித்தியைக் கேட்டேன். "செத்தவள ஏன்டி தூத்தச் சொல்ற? இந்த வயசுல ஒரு பேரு வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற?" என்று உள்ளே போய்விட்டாள்.

எந்த மாப்பிள்ளைக்காக மறைத்தாயோ, அவன் ஆவணிக்கு வரவில்லை அம்மா. அதுகூடப் பரவாயில்லை. தெரிந்தே அழுத்தக்காரி என்றாயே, வேணும்னே என்றாயே, அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. சாவு வீட்டு வாசலில் நின்றபோது உனக்குத் தெரியும். ஆவணியில் நான் முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோதும் தெரியும். என்னிடமாவது சொல்லியிருக்கலாம். நான் உன்னைப்போல ஊருக்குப் பயப்படுகிறவள் இல்லை. நீ மட்டும் சொல்லியிருந்தால், நான் கெட்டவள் இல்லை என்றாவது நினைத்துக்கொண்டு வளர்ந்திருப்பேன்.

இனிமேல் எதற்குப் போவது என்று யோசித்தேன். மன்னிக்கிற கணக்கு ஊற்றிக்கொண்டது. ஆபீஸில் தெரிந்தால் ஒதுங்குவார்கள். அந்தப் பெயர் கிடைத்தாலும் என் காது கூசுவது கூசத்தான் போகிறது. போகாமல் இருக்க எல்லாக் காரணமும் இருக்கிறது, எல்லாமே உன் குரலில் கேட்கிறது. அதனாலேயே போகப் போகிறேன்.

தனியாகத்தான் போவேன். சின்ன வயதில் உங்களிடம் வித்தியாசத்தை யாராவது கவனித்தார்களா என்று அவர் கேட்பார். "எங்கம்மா கவனிச்சாங்க. சொல்லாம வெச்சுக்கிட்டாங்க" என்று சொல்லப் போகிறேன். இப்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கடைசி நேரத்தில் வாய் அடைத்துக்கொள்ளாமல் இருக்க. எனக்கு ஒரே ஒரு பயம். அதைக் கேட்டுவிட்டு, என்ன அம்மா இவங்க என்கிற மாதிரி அவர் உன்னை ஒரு வார்த்தை சொன்னால், நான் எழுந்து வந்துவிடுவேன். உன்னைத் திட்ட நான் ஒருத்தி போதும்.