பின்னால் வருகிறவர்

என் பிடிவாதக்காரனுக்கு,

கடைசியில் நானும் ஸ்டீல்ஹெட் மீன் பிடிக்க ஆற்றில் இறங்கிவிட்டேன். இத்தனை வருடம் ஓடையில் ட்ரவுட் மீன் பிடித்த கை என்று எனக்கு எவ்வளவு திமிர்! உன் கூட்டாளி லோர்ன் தலையில் அடித்துக்கொண்டான்.

"ட்ரவுட் புத்திய வீட்ல வெச்சுட்டு வாங்க அண்ணி. இது கடல் பாத்த மீனு. இழுத்ததும் தூண்டில் கோலைத் தூக்குனா போச்சு. அதுவா திரும்புற வரைக்கும் சும்மா நில்லுங்க. தூண்டில ஒவ்வொரு தடவ வீசுனதும் ஆத்துப் போக்குல ரெண்டு எட்டு கீழ இறங்கணும். பின்னாடி வர்றவங்கள காக்க வைக்கக்கூடாது."

பின்னால் யார் வரப்போகிறார்கள்? லோர்ன் கரையில் நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தான். பனிமூட்டத்தில் நான் மட்டும்தான் இறங்கினேன்.

நான் இரண்டு எட்டு வைத்தால், முதுகுக்குப் பின்னால் ஊன்றுகோல் கல்லில் தட்டியது. நான் நின்றால் அதுவும் நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. திடீரென்று நூல் கனமாக இழுபட்டது. வெடுக்கென்று கோலைத் தூக்கிவிட்டேன். மீன் போய்விட்டது. பின்னால் மூக்கால் ஒரு சிரிப்பு. நான் சொதப்பும்போதெல்லாம் நீ சிரிப்பாயே, அதேதான்.

ஆறு உன்னை இழுத்துக்கொண்டு போய், உன் தொப்பி மட்டும் கிடைத்த அந்த வளைவு வந்ததும் எனக்குக் கால் நகரவில்லை.

"ஏன் அண்ணி நின்னுட்டீங்க?" என்று லோர்ன் கரையிலிருந்து கத்தினான். "பின்னாடி ஆள் நிக்கிறாருல்ல, நகருங்க!"

நான் கரையேறி வந்தபோது அவன் மூன்று கோப்பைகளில் காபி ஊற்றி வைத்திருந்தான்.

கரையேறியவள் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும், அதுதானே இந்த ஆற்று வழக்கம்? நாளைக்கு நீ முன்னால் இறங்கு. உன் முதுகைப் பார்த்துக்கொண்டே வருகிறேன். வளைவு வந்தாலும் நிற்க மாட்டேன்.

இன்னும் ஈரம் காயாத,
உன் ட்ரவுட்காரி