இருந்ததா, இருந்தாரா?

ஜார்ஜ் டவுன், பினாங்கு
9 நவம்பர், ஞாயிறு

அன்பு மகள் ராகினிக்கு,

அம்மா எழுதுவது. என் முழங்காலையும் அப்பாவின் வாயையும் தவிர இங்கே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. டப்ளின் குளிரில் நீயும் உன் நோயாளிகளும் நலமாக இருக்க தினமும் வேண்டிக்கொள்கிறேன். இதை ஏன் வாட்ஸ்அப்பில் எழுதாமல் காகிதத்தில் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். வாட்ஸ்அப் என்றால் அப்பா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, இந்த வசனத்தையும் சேர்த்துக்கொள் ஜெயா என்பார், காகிதம் என்றால் என் கையெழுத்து அவருக்குப் புரியாது. சுஜீவன் சித்தப்பா ஏன் குடும்பக் குரூப்பை விட்டுப் போனார், போனவர் ஏன் திரும்பி வந்தார் என்று மூன்று தடவை கேட்டுவிட்டாய். போனில் சொல்ல முடியாது, அப்பா பக்கத்திலேயே இருக்கிறார். இப்போது அவர் தூங்குகிறார், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

விசுவாசப் பிரமாணம் எழுதி ஆயிரத்து எழுநூறு வருஷம் ஆகிறது என்று ஜூலை மாதம் நம் சபையில் சிறப்பு ஆராதனை வைத்தார்கள். பதினைந்து நிமிஷம் பேசும்படி அப்பாவைக் கேட்டார்கள், அவர் ஐம்பது நிமிஷம் பேசினார். துறைமுக ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் தலைமைக் கிளார்க்காக இருந்தவர் அல்லவா, பிரமாணத்தை எழுதிய அந்தப் பழைய மாநாடு அவருக்கு ஒரு மீட்டிங் மாதிரி. இயேசு கடவுளா என்று கேள்வி வந்தது, எல்லாரும் கூடிப் பேசினார்கள், தீர்மானம் நிறைவேறியது, மினிட்ஸ் எழுதியாச்சு, ஃபைலை மூடியாச்சு என்று மேசையைத் தட்டி முடித்தார். யாருக்காவது கேள்வி உண்டா என்று பாஸ்டர் சும்மா மரியாதைக்குக் கேட்டார். பின் வரிசையிலிருந்து உன் சித்தப்பா எழுந்தார். “அண்ணே, மினிட்ஸை விடுங்க. இயேசு தன் வாயால ‘நான்தான் கடவுள்’னு சொன்ன ஒரே ஒரு வசனம் காட்டுங்க லா, போதும்” என்றார். அப்பா மைக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அறுபத்தெட்டு வயதில் அவர் பேச்சில்லாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன், ஏழெட்டு விநாடி இருக்கும்.

ரூபினி சித்தி இறந்துபோனதிலிருந்து சித்தப்பா பிறை ஊரில் ஒரு டயர் கடை மாடியில் நடக்கும் வேதாகம வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். அது எங்களுக்குத் தெரியும், ஆனால் அங்கே இயேசு கடவுளின் மகன், கடவுள் இல்லை என்று படிக்கிறார்கள் என்பது தெரியாது. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் இருபத்தெட்டு வருஷம் மைக்ராஸ்கோப்பில் கம்ப்யூட்டர் சில்லு பார்த்துக் குறை கண்டுபிடித்தவர் அவர், வேதத்தையும் அப்படித்தான் பார்க்கிறார். அன்று சாயங்காலமே குரூப்பில் சண்டை ஆரம்பித்துவிட்டது. நீ குரூப்பை மியூட்டில் போட்டிருந்தாய், தப்பித்தாய். ஆதியிலே வார்த்தை இருந்தது, அந்த வார்த்தை தேவனாக இருந்தது என்று அப்பா போட்டார். “நல்லாப் பாருங்கண்ணே, ‘இருந்தது’ன்னு போட்டிருக்கு. கடவுளா இருந்தா ‘இருந்தார்’னுதானே வரணும்?” என்று சித்தப்பா பதில் போட்டார். எழுவாய் ‘வார்த்தை’, அது அஃறிணை, நீ தமிழ்ப் பள்ளியில் ஆறு வருஷம் என்ன படித்தாய் என்று அப்பா கேட்டார். மூலம் கிரேக்கத்தில் இருக்கிறது, தமிழை வைத்துச் சண்டை போடாதீர்கள் என்று சித்தப்பா. இரண்டு பேருக்கும் கிரேக்கத்தில் ஓர் எழுத்து தெரியாது. இப்படியே இருந்ததா, இருந்தாரா என்று ஒன்பது நாள். நான் தாசேக் கெலுகோரில் முருகன் கோயில் பக்கத்தில் பிறந்து வளர்ந்து, உன் அப்பாவைக் கட்டிய பிறகு ஞானஸ்நானம் எடுத்தவள். எங்கள் வீட்டில் சாமிக்கு ஆறு முகம் இருந்தும் ஒருவரும் இலக்கணம் பேசியதில்லை.

கடைசியில் இதை முகத்துக்கு முகம் பேசித் தீர்ப்பது என்று முடிவாகி ஒரு சனிக்கிழமை நம் வீட்டில் கூடினார்கள். நடுவராக இருக்கும்படி பக்கத்து வீட்டு முகம்மது சுல்தானைப் போய்க் கேட்டார் அப்பா. பாவம் அந்த மனுஷர், “தயாளண்ணே, என்னைய விட்ருங்க லா. நான் ஆமான்னாலும் தப்பு, இல்லன்னாலும் தப்பு. வேணும்னா மீ கோரெங் வாங்கி அனுப்பறேன்” என்று சொல்லி அப்படியே அனுப்பியும் வைத்தார். ஆகவே நடுவர் நான், கேக் செய்யும்போது வைக்கும் டைமர் என் கையில், ஆளுக்குப் பத்து நிமிஷம்.

நன்றாகத்தான் இருந்தது ராகினி, பொய் சொல்ல மாட்டேன். நானும் பிதாவும் ஒன்று என்று அவரே சொல்லவில்லையா என்று அப்பா தொடங்கினார். “நானும் ரூபினியும் ஒண்ணுன்னு கல்யாணத்துல பாஸ்டர் சொன்னாரு, அதுக்காக நான் ரூபினியா?” என்றார் சித்தப்பா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிதா என்னைவிடப் பெரியவர் என்று இயேசுவே சொன்னாரே, கடவுளைவிடப் பெரிய கடவுள் உண்டா என்று அடுத்துக் கேட்டார். அப்பா விடுவாரா, “நான் உன்னைவிடப் பெரியவன். அதனால நீ மனுஷன் இல்லன்னு ஆயிருமா?” என்றார். அதுவும் சரியாகத்தான் பட்டது. யார் பேசினாலும் அவர் பக்கம் சரியாகப் படுகிறவள் நடுவராக இருக்கக் கூடாது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பிறகு தோமா வந்தார். உயிர்த்தெழுந்த இயேசுவைப் பார்த்து என் ஆண்டவரே, என் தேவனே என்று தோமா சொன்னாரே, இதற்கு என்ன பதில் என்று அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அது ஆச்சரியத்தில் வந்த சொல், லாரி உரசிக்கொண்டு போனால் நாம் கடவுளே என்று கத்துவதில்லையா, அப்போது லாரியையா கும்பிடுகிறோம் என்று சித்தப்பா சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு கரப்பான் பறந்து வந்து அவர் சட்டைக் காலரில் உட்கார்ந்தது. “ஏசுவே!” என்று துள்ளி எழுந்தார். “ஜெயா, மினிட்ஸ்ல எழுது!” என்று அப்பா கை தட்டினார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நானும் டைமரை ஓரமாக வைத்துவிட்டு மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலத்தைப் பிரித்தேன். ஜெயித்த வேகத்தில் அப்பா ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டார். “இந்தக் கொள்கைய வச்சுக்கிட்டு நீ எந்த மூஞ்சியோட மகளைக் கைபிடிச்சுச் சபைக்குள்ள கூட்டிட்டு வருவே?” என்றார். கீர்த்திகா கல்யாணத்துக்கு அப்போது ஏழு வாரம் இருந்தது. சித்தப்பா கோபப்படவில்லை. வசனம் தேடக் கொண்டு வந்திருந்த லேப்டாப்பை மூடினார், சரிண்ணே வரல என்றார், சாப்பிடாமல் போய்விட்டார். வீடு போய்ச் சேர்வதற்குள் குரூப்பிலிருந்தும் வெளியேறிவிட்டார். இரண்டு நாள் கழித்துக் கீர்த்திகா வந்து என் மடியில் விழுந்து அழுதாள். அப்பா வராவிட்டால் எனக்குச் சபைக் கல்யாணமே வேண்டாம், கோகிலனும் நானும் பதிவு ஆபீசில் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறோம் பெரியம்மா என்றாள். கோகிலன் வீட்டாரோ முந்நூறு பேருக்கு அழைப்பு கொடுத்துவிட்டார்கள்.

நான் அப்பாவிடம் சொல்லாமல் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். ரூபினியின் கண்ணாடி இன்னும் தொலைக்காட்சி மேல் அப்படியே இருக்கிறது, தூசி துடைத்து வைத்திருக்கிறார். எனக்கு வசனம் தெரியாது சுஜீவா, உனக்கு என்னதான் ஆச்சு, அதை மட்டும் சொல்லு என்றேன்.  அப்போதுதான் சொன்னார். “அவ கடைசி மூணு மாசம் நான் தினம் ஏசுகிட்ட கேட்டேன் அண்ணி. குடுக்கல. கடவுளா இருந்துக்கிட்டு, முடிஞ்சும் குடுக்கலன்னு நினைச்சப்போ என்னால ஜெபமே பண்ண முடியல. அப்புறம் அந்த வகுப்புல, ஏசு சாகறதுக்கு முந்தின ராத்திரி தோட்டத்துல, இந்தச் சாவு வேணாம்னு அழுது கேட்டதைப் படிச்சோம். அவரும் கேட்டாரு, அவருக்கும் கிடைக்கல. மேல உக்காந்து குடுக்காதவரு இல்ல, என் பக்கத்துல நின்னு கேட்டவரு. அன்னிக்குத்தான் திரும்ப ஜெபம் பண்ணேன். அதை அண்ணன் பிடுங்கப் பாக்கறாரு.” அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அப்படியே சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் தலையைக் குனிந்துகொண்டார். சரி, மனசு இளகிவிட்டது என்று நினைத்தேன். திடீரென்று எழுந்து, “ஜெயா, அதைத்தானே நான் ஐம்பது நிமிஷம் சொன்னேன்! கடவுளே இறங்கி வந்து அவன் பக்கத்துல நின்னு அழுதாருன்னுதானே நானும் சொல்றேன்! இந்த ஒரு பாயிண்டைச் சொன்னா அவன் ஒத்துக்கிட்டே ஆகணும்!” என்று போனை எடுத்தார். நான் அதைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினேன். எனக்கு வந்த கோபத்தில், ரூபினி செத்த அன்று நீங்கள் அவனிடம் என்ன சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார் என்று சொல்லிவிட்டுச் சவ வண்டிக்கு ஏற்பாடு பண்ணப் போனார் அவர். ஓடி ஓடி எல்லாம் செய்தார்தான், ஆனால் தம்பி பக்கத்தில் பத்து நிமிஷம் உட்காரவில்லை.  அன்று முழுக்க அப்பா அந்த அரிசி டப்பாவைத் திறக்கவே இல்லை. எனக்கே பயமாகிவிட்டது.

மறுநாள் காலை வேதப் புத்தகம் இல்லாமல் வெறுங்கையோடு கிளம்பினார், நானும் கூடவே போனேன். தம்பிக்கு எதிரே உட்கார்ந்து, “அன்னிக்கு வசனம் சொன்னேன். உன்கூட உக்காந்திருக்கணும். அந்தச் சனிக்கிழமை சொன்னதும் தப்பு” என்றார். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. சித்தப்பா தலையாட்டினார். ஐந்து நிமிஷம் தாங்கியிருக்கும், “ஆனா அந்த ‘இருந்தது’ விஷயத்துல நீ சொல்றது தப்புதான்” என்று அப்பா ஆரம்பித்தார், நான் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். இதைச் சொல்வீங்கன்னு தெரியும்ணே என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா தேநீர் போட எழுந்தார். மகளைக் கைபிடித்து அழைத்து வர ஒத்துக்கொண்டார். ஒரே நிபந்தனை, பாஸ்டர் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று சேர்த்து ஆசீர்வதிக்கும்போது நான் ஆமென் சொல்ல மாட்டேன், மனசில் இல்லாததைச் சொல்லி மகளை வழியனுப்ப மாட்டேன் என்றார். அப்பா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஆனாலும் சரி என்றார்.

கல்யாணப் படங்கள் பார்த்திருப்பாய், கீர்த்திகா அந்தச் சந்தன நிறச் சேலையில் எவ்வளவு அழகு. படத்தில் வராதது ஒன்று உண்டு. ஆசீர்வாதம் முடிந்து சபை முழுவதும் ஆமென் என்றது. சித்தப்பா சொன்னபடி வாயை மூடிக்கொண்டு நேராக நின்றார். எல்லாரும் அடங்கிய பிறகு, அப்பா தனியாக, கணீரென்று இன்னோர் ஆமென் சொன்னார். முந்நூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். என்னங்க இது என்று இடித்தேன். காது மந்தமானவர் அல்லவா, ரகசியம் என்று நினைத்து நாலு வரிசைக்குக் கேட்கும்படி, “இது தம்பி பங்கு” என்றார். சித்தப்பாவின் தோள் குலுங்கியது. ஐயோ, அழுகிறார் என்று எட்டிப் பார்த்தேன். சிரிப்பு ராகினி, அடக்க முடியாத சிரிப்பு, ரூபினி போன பிறகு நான் அவரிடம் பார்க்காத சிரிப்பு. அன்று சாயங்காலமே குரூப்பில் திரும்பச் சேர்ந்தார். வந்ததும் போட்ட முதல் செய்தி, “அண்ணன் என் சார்பில் சொன்ன ஆமென் செல்லாது. அதிகாரக் கடிதம் கொடுக்கப்படவில்லை.” கிளார்க்கிடமே ஆபீஸ் சட்டம் பேசினால் எப்படி, ஆறு வாரமாக அப்பா அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார், இன்னும் அனுப்பவில்லை.

தீர்ப்பு என்ன என்று நீ கேட்பாய். எனக்கென்று ஒரு பதில் இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லி ஒருவர் பக்கம் போய்விட்டால் மற்றவருக்கு யார் சாப்பாடு போடுவது. சனிக்கிழமைதோறும் இரண்டு பேரும் இங்கேதான், மீ கோரெங் ஆறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பது மட்டும் என் சட்டம்.

நீ இரவு வேலை முடிந்து வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, ஒரு பிடி சோறாவது வை. கழுத்துக்குத் துணி சுற்றாமல் வெளியே போகாதே. கடவுள் உன்னை எப்போதும் காப்பாராக. வெறும் கடவுள் என்றே எழுதுகிறேன், இதற்கு மேல் விவரித்தால் விளக்கம் கேட்டு ஆள் வரும். முக்கியமாக, இந்த மாதக் கடைசி வெள்ளி ரூபினி சித்தி நினைவு நாள், மறக்காமல் சித்தப்பாவைக் கூப்பிடு. ஆறுதல் ஒன்றும் சொல்ல வேண்டாம், அவர் பேசுவதைக் கேள், போதும்.

ஆயிரம் முத்தங்களுடன்
உன் அம்மா
ஜெயலெட்சுமி தயாளன்