சேற்றின்மேல் பூசிய பச்சை

அக்டோபர் 6, திங்கள்

1. இக்குறிப்பை எழுதுபவன் சட்டம் பயின்றவன், வயது ஐம்பத்திரண்டு, ஒரு காகித ஆலையின் சட்ட அலுவலர்.

2. ஆலை வாங்கும் மரத்தில் ஒரு பகுதி, மீண்டும் வளரும் அளவுக்கே வெட்டப்படும் காடுகளிலிருந்து வருகிறது; அதற்குச் சான்றிதழ் உண்டு. அம்மரத்தில் செய்த காகிதத்தில் மட்டுமே இலை முத்திரை இடலாம். அதற்கான உறுதிமொழியில் ஆண்டுதோறும் கையெழுத்திடுபவன் நான்.

3. நான் களைத்திருக்கிறேன். இதற்கு ஆவணச் சான்று இல்லை.

தணிக்கை அடுத்த திங்கட்கிழமை.

அக்டோபர் 7, செவ்வாய்

மழை விட்டதும் ஆலையில் மரம் அடுக்கும் யார்டுக்குப் போனேன். சான்று பெற்ற கட்டைகளின் வெட்டுமுகத்தில் பச்சைப் பெயிண்ட் அடித்து வடக்கே அடுக்குவது முறை. சான்றில்லாதவை பெயிண்ட் இன்றித் தெற்கே. தெற்கு வரிசை காலி. சென்ற வாரம் மட்டும் பதினான்கு லாரி சான்றில்லா மரம் இறங்கியதாக எடைச்சீட்டுகள் சொல்கின்றன. வடக்கில் கண்ணுக்கெட்டியவரை பச்சை. ஒரு கட்டையை நகத்தால் சுரண்டினேன். பெயிண்டுக்கு அடியில் சேறு.

யார்டுப் பொறுப்பாளர் என் தங்கையின் கணவர்.

மாப்பிள்ளை எதையும் மறைக்கவில்லை. தெற்கே முழங்கால் அளவு தண்ணீர். கட்டைகள் மிதக்கத் தொடங்கவே எல்லாவற்றையும் வடக்கு மேட்டுக்கு ஏற்றினாராம். பழைய பச்சை மங்கி, மேலே சேறும் அப்பியதில் எது எதுவென்று தெரியவில்லையாம்.

"குறி மங்கியிருக்குன்னு போன வருஷம் தணிக்கைக்கு வந்த அம்மா எழுதிட்டாங்கன்னு நீங்கதான மச்சான் குதிச்சீங்க? இந்தத் தடவை ஒரு கட்டைகூட மங்கலா இருக்கக் கூடாதுன்னீங்க. அதான் மொத்தத்துக்கும் அடிச்சு விட்டுட்டேன்."

சொன்னேன். ஆம், சொன்னேன்.

அக்டோபர் 8, புதன்

நான் சுரண்டிய இடத்தில் மறுபடி அடித்தால், அந்தப் பெயிண்ட் நன்றாகக் காய இரண்டு மணி நேரம் ஆகுமாம். விசாரித்தேன். ஏன் விசாரித்தேன்?

அக்டோபர் 9, வியாழன்

ஆலை மேலாளரிடம் சொன்னேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். முத்திரை போனால், எங்கள் காகிதத்தை வாங்கும் நோட்டுப் புத்தக நிறுவனம் வேறு ஆலைக்குப் போய்விடும் என்றார். அது உண்மை.

"மரம் வாயைத் திறக்கப் போறதில்ல சார். நீங்க எதுக்குத் திறக்கணும்?"

அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருப்பதுதான் அலுப்பைக் கூட்டுகிறது.

அக்டோபர் 10, வெள்ளி

தங்கை தொலைபேசியில் அழைத்தாள். தும்மினால்கூட இரண்டு சாட்சி கேட்பவன் என்று சிறு வயதிலிருந்தே என்னைக் கேலி செய்பவள். இன்று கேலி இல்லை.

"அவரை யார்டை விட்டுத் தூக்கினாங்கன்னா, உன்னை அண்ணான்னு கூப்பிட எனக்கு நாக்கு வராது."

வைத்துவிட்டாள்.

தன் உறவினர் தொடர்புடைய விவகாரத்திலிருந்து விலகிக்கொள்வதே முறை. நான் எதிலிருந்து விலகுவது — ஆலையிலிருந்தா, அவளிடமிருந்தா? முடியல. நிஜமாவே முடியல.

அக்டோபர் 12, ஞாயிறு

இரண்டு வரைவுகள் எழுதினேன். முதலாவது வழக்கமான உறுதிமொழி, அதைக் கிழித்தேன். இரண்டாவதில், மழையால் இருவகைக் கட்டைகளும் கலந்துவிட்டன என்றும், பின்னர் எல்லாவற்றிலும் தவறாகக் குறியிடப்பட்டது என்றும் எழுதினேன். யார் குறியிட்டது என்பதை எழுதவில்லை. கவனமாகவே எழுதவில்லை.

மாப்பிள்ளை வந்து நின்றபடியே படித்தார்.

"யார் அடிச்சதுன்னு போடலையே மச்சான். இப்படி விட்டா லோடு இறக்குறவங்க தலையிலதான் விழும். நான்னு போடுங்க."

"தங்கச்சிக்கு என்ன பதில் சொல்றது?"

"அத நான் சொல்லிக்கிறேன்."

அவர் முன்னிலையிலேயே சேர்த்தேன். அதற்கு மேல் வரியில், அறிவுறுத்தியவன் நான் என்பதையும்.

அக்டோபர் 13, திங்கள்

தணிக்கையாளர் அம்மையார் இரண்டு முறை படித்தார். கட்டையை நானே சுரண்டிக் காட்டினேன்.

"ஒளிச்சு வெச்சதைத் தேடித்தான் எனக்குப் பழக்கம். நீங்க கையில குடுக்கிறீங்க. ஆனா எனக்கும் வேற வழியில்ல சார்."

சான்றிதழ் மூன்று மாதம் நிறுத்திவைப்பு. வடக்கு வரிசை முழுவதும் சான்றில்லா மரமாகவே கொள்ளப்படும்.

அக்டோபர் 27, திங்கள்

மாப்பிள்ளை யார்டிலிருந்து எடைமேடைக்கு மாற்றப்பட்டார். உறுதிமொழியில் கையெழுத்திடும் அதிகாரம் என்னிடமிருந்து எடுக்கப்பட்டது. தங்கை பேசவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பேசவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

இன்று பிற்பகல் தங்கை வந்தாள். சான்று பெற்ற கட்டைகளை லாரியிலிருந்து இறக்குமுன்பே, எடைமேடையில் வைத்துப் பச்சை அடித்துவிடலாம் என்று அவள் கணவர் சொன்ன யோசனையை ஆலை ஏற்றுக்கொண்டதாம். அதைச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். மேசைமேல் இந்த நோட்டு கிடந்தது. அனுமதி கேட்கும் வழக்கம் அவளுக்கு என்றுமே இல்லை. முதல் பக்கத்தைப் புரட்டி, களைத்திருக்கிறேன் என்ற மூன்றாம் எண் வரியில் விரலை வைத்தாள்.

"இதுக்குச் சாட்சி இல்லையாக்கும். பேனாவைக் குடு, அண்ணா."

(ஒப்பம்)
எழுதியவன்

சாட்சிகள்:
1. தங்கை.
2. அவள் கணவர் — வண்டியை நிறுத்திக்கொண்டிருக்கிறார்; வந்ததும் இடுவார்.