மீன் திரைக்குப் பின்னால்

நடுக்கடலில் என்ஜினுக்குக் காவலிருக்கும் என் வீட்டுக்காரருக்கு, உங்கள் மனைவி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் மகளும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் சுகம் என்று போன வாரம் போனிலேயே சொல்லிவிட்டீர்கள். அதற்குள் லைன் போய்விட்டது. திடீரென்று எதற்குக் கடிதம் என்று பதறி, கடைசிப் பக்கத்தை முதலில் திருப்பாதீர்கள். கெட்ட செய்தி எதுவும் இல்லை. பரிசோதனையில் எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதில் ஒரு மாற்றமும் இல்லை. மாத்திரையும் ஒழுங்காகப் போடுகிறேன்.

உண்மையில் இன்று எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஆஸ்பத்திரிக் கூட்டம் முடிந்து வந்ததிலிருந்து வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். மகள்தான் பிடித்து உட்காரவைத்து, "அப்பாகிட்டதானே சொல்லணும், எழுதித் தொலையேன்மா" என்று பேனாவைக் கையில் திணித்தாள். போனில் சொல்ல முடியாது. உங்கள் பக்கத்தில் எப்போதும் நாலு பேர் நிற்கிறார்கள், அதற்கு மேல் என்ஜின் சத்தம். கம்பெனி ஆபீசில் இருக்கும் அந்த அம்மா, நாளைக்குள் கொடுத்தால் உதிரிபாகப் பெட்டியோடு அடுத்த துறைமுகத்துக்கு அனுப்பிவைப்பதாகச் சொன்னார். நீங்கள் கப்பலை விட்டு இறங்கும் முன்பே கைக்குக் கிடைத்துவிடுமாம். எனக்கு வேண்டியதும் அதுதான். நீங்கள் வீட்டுக்கு வரும் முன் இதைப் படித்திருக்க வேண்டும்.

முதல் சந்தோஷச் செய்தி. நான் மறுபடியும் வண்டியில் ஏறிவிட்டேன். டிரைவிங் ஸ்கூல் முதலாளி என் பழைய வண்டியையே கழுவித் துடைத்து வைத்திருந்தார். பக்கத்து இருக்கை, காலடியில் என் இரண்டாவது பிரேக், எல்லாம் அப்படியே இருக்கிறது. ஊரில் பாதிப் பேரை "பெல்ட்டைப் போடு, பெல்ட்டைப் போடு" என்று கத்திக் கத்தியே ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நான். அப்படிப்பட்டவளுக்குப் பெல்ட்டைக் கண்டாலே இத்தனை மாதமாகப் பயம். அது சரியாக ஆபரேஷன் செய்த இடத்தின் மேல்தானே வருகிறது. இப்போது பெல்ட்டைச் சுற்றி ஒரு குட்டித் தலையணை வைத்திருக்கிறேன். உள்ளே பஞ்சு, மேலே பூப்போட்ட துணி. கேப்டன் தைத்துக் கொடுத்தது.

கேப்டன் என்றதும் உங்கள் கப்பல் கேப்டனை நினைக்காதீர்கள். இவள் ரொட்டிக்கடை நடத்துகிறவள். எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் யார் எங்கே உட்கார வேண்டும், யார் அழுது முடித்தாயிற்று, யார் இன்னும் அழ வேண்டும் என்பதையெல்லாம் இவள்தான் முடிவு செய்வாள். அதனால் அந்தப் பெயர். போனில் உங்களிடம் "ஆஸ்பத்திரியில் ஏதோ பெண்கள் கூட்டம்" என்று மட்டும் சொல்லியிருந்தேன். எல்லாரும் என்னைப் போலவே மார்பகத்தை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டவர்கள். ஒருத்திக்கு முதுகுச் சதையிலிருந்து, ஒருத்திக்கு உள்ளே சிலிக்கான் பை, எனக்கும் கேப்டனுக்கும் வயிற்றுச் சதையிலிருந்து. பிள்ளை பெற்றதிலிருந்து நீங்கள் கேலி செய்துகொண்டிருந்த என் தொப்பை இப்போது பதவி உயர்வு பெற்று மேலே போயிருக்கிறது என்று அங்கே சொன்னேன். சிரித்துச் சிரித்து ஒருத்தி தையலைப் பிடித்துக்கொண்டாள்.

கூட்டம் நடப்பது உடற்பயிற்சி அறையில். நாற்காலி போதாமல் பாதிப் பேர் பெரிய ரப்பர் பந்துகளின் மேல் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருப்போம். நர்ஸ் வற்புறுத்தியதால்தான் முதல் தடவை போனேன். நீங்கள் கப்பலேறிய அடுத்த வாரம் அது. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருந்தேன், எப்போது வேண்டுமானாலும் ஓடிவிடலாம் என்று. அவர்களோ தழும்பு அரித்தால் என்ன செய்வது, எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவது, ஒரு பக்கம் மட்டும் குளிராமல் இருப்பது ஏன் என்று சந்தையில் காய் வாங்குவது போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் டாக்டருக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் டாக்டரிடம் கேட்க எனக்கு வாய் வராத விஷயம்.

அந்த அறையின் மூலையில் உடை மாற்ற ஓர் இடம் இருக்கிறது. மீன் படம் போட்ட குளியலறைத் திரை ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த ஒருத்திக்கு, இதெல்லாம் ஆறிய பிறகு எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க ஆசை வந்தால், "மீன் பார்க்கலாமா" என்று கேட்க வேண்டும். யாராவது ஒருத்தி எழுந்து அவளைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சட்டையைக் கழற்றிக் காட்டுவாள். பார்க்கிறவள் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். பார்த்தவள் என்றைக்காவது இன்னொருத்திக்குக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

எனக்கு மீன் காட்டியது கேப்டன். பயந்துகொண்டேதான் பார்த்தேன். ஒன்று கொஞ்சம் மேலே, ஒன்று கொஞ்சம் கீழே. குறுக்கே ஒரு தழும்பு, வெளுத்துப் போயிருந்தது. அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்ததைவிடக் கோபம்தான் வந்தது. இதற்கா நான் இத்தனை நாள் கண்ணாடிக்குத் துணி போட்டு மூடி வைத்திருந்தேன் என்று. அவள் மார்பின் ஓரத்தில் ஒரு சூட்டுத் தழும்பும் இருந்தது. "அதுவா, சூடான தட்டுல சாஞ்சிருக்கேன். உணர்ச்சிதான் கிடையாதே. கருகுற வாசனை வந்ததும் ரொட்டி போச்சுன்னு அடுப்பைத் திறந்து பாக்குறேன், ரொட்டி நல்லாத்தான் இருக்கு" என்றாள். அன்றைக்கே வீட்டில் வெந்நீர்ப் பையைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன். நீங்கள் வந்து தேடாதீர்கள்.

இனி நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். சிரிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். முலைக்காம்பு எனக்கு இன்னும் வைக்கவில்லை. கொஞ்ச நாள் போனபின் பச்சை குத்துவது போல வரைந்துவிடுவார்களாம். அதுவரைக்கும் ஒட்டிக்கொள்ள ரப்பரில் செய்த ஒன்று கிடைக்கிறது. கேப்டன் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய மாதிரிகள் வைத்திருக்கிறாள், நிறம் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். வேலைக்குத் திரும்பும் முதல் நாளாயிற்றே, எல்லாம் முறைப்படி இருக்கட்டும் என்று ஒன்றை ஒட்டிக்கொண்டு போனேன். இறுக்கமாகப் போட்டால் தழும்பு அரிக்கிறது என்று உள்ளே தொளதொளத்த பனியன் மட்டும்தான்.

அன்றைக்கு எனக்கு மாணவி ஒரு பேங்க் காஷியர் அம்மா. ஆக்சிலரேட்டரை மிதிப்பது ஏதோ பாவம் என்பது போல ஓட்டுகிறவர். வெயிலோ வெயில். அவர் ரிவர்ஸ் எடுக்க, நான் கையைத் தூக்கிக் கண்ணாடியைத் திருப்பினேன். கை முழுசாக மேலே போய்விட்ட சந்தோஷத்தில் வியர்வையில் பசை விட்டுப்போனது தெரியவில்லை. அங்கேதான் உணர்ச்சி கிடையாதே. வண்டியை நிறுத்தியதும் காஷியர் அம்மா கியர் பக்கத்தில் குனிந்து எதையோ எடுத்தார். கள்ள நோட்டா என்று பார்ப்பது போல வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டீச்சர், உங்க வண்டியில ஏதோ பட்டன் கழண்டு விழுந்திருக்கு" என்றவர், நான் வாயைத் திறப்பதற்குள் அதை ஏ.சி. பொத்தான் மேல் வைத்து அழுத்திப் பார்த்தார். அது வேறு ஒட்டிக்கொண்டுவிட்டது.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நிற்கிற வண்டியில் என் பிரேக்கை மிதி மிதியென்று மிதிக்கிறேன். வயிற்றுத் தழும்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே அது என்ன என்று சொல்லிவிட்டேன். ஆபரேஷன் விஷயத்தை வெளி ஆளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் அதை மெதுவாகப் பெயர்த்து, தன் கைக்குட்டையில் வைத்து மடித்து, சில்லறை கொடுப்பது போல என் கையில் கொடுத்தார். "வண்டிக்கு உள்ளதுன்னு நெனச்சிட்டேன், மன்னிச்சிருங்க" என்று சொல்லும்போதே அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் பயமில்லாமல் ஓட்டினார். என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை.

இனி இன்றைக்கு வருகிறேன். இன்று கூட்டத்துக்குப் புதிதாக ஒருத்தி வந்திருந்தாள். ஸ்கூலில் பாட்டு டீச்சர், என்னைவிடச் சின்னவள். ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்று. எடுத்ததோடு விட்டுவிடுவதா, என்னைப் போலக் கட்டிக்கொள்வதா என்று முடிவு செய்ய முடியாமல் வந்திருக்கிறாள். கதவோரம், மடியில் கைப்பை. ரொம்ப நேரம் கழித்துத்தான் மீன் பார்க்கலாமா என்று கேட்டாள், அதுவும் பாதி வாய்க்குள். கேப்டன் எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் எழுந்தேன். எழுந்துவிட்டேன் என்பது திரைக்குப் பக்கத்தில் போனபின்தான் எனக்கே தெரிந்தது.

சட்டையைக் கழற்றினேன். தழும்பைக் காட்டினேன், வயிற்றில் உள்ளதையும் காட்டினேன், கையை எதுவரை தூக்க முடிகிறது என்று காட்டினேன். தொட்டுப் பார் என்றேன், தொட்டாள். "சூடா இருக்கே" என்றாள் ஆச்சரியமாக. பின்னே, என் ரத்தம்தானே அதிலும் ஓடுகிறது. கட்டிக்கொள்ளாமல் விட்டவர்களும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், அவசரப்படாதே என்றும் சொன்னேன். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. முதல் தடவை லைசென்ஸ் வாங்கியபோதுகூட இப்படி இல்லை. அப்போதுதான் அவள் கேட்டாள். "அக்கா, பாத்துட்டு உங்க வீட்டுக்காரர் என்ன சொன்னார்?"

கப்பலில் இருக்கிறார், வந்ததும் கேட்டுச் சொல்கிறேன் என்று சமாளித்தேன். சட்டைப் பொத்தானைத் தப்பும் தவறுமாகப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். கேப்டன் அதைப் பார்த்தாள், அவளுக்குக் கேட்டும் இருக்கிறது. வெளியே வண்டி நிறுத்தும் இடம் வரை கூட வந்தாள். "எங்க வீட்லயும் இதே கதைதான். அவரா கேப்பாருன்னு நான் இருந்தேன், நானா காட்டுவேன்னு அவரு இருந்தாரு. ரெண்டு பேரும் ரொம்ப மரியாதையா இருந்தோம். ரெண்டு வருஷம் போயிருச்சு" என்றாள். பிறகு அடுப்பில் வேலை இருக்கிறது என்று போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கட்டுப் பிரித்த அந்தக் காலை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீங்களும் பாருங்கள் என்று அவர் சொன்னார். நீங்கள் ரத்தநீர் வடியும் குழாயைப் பிடித்துப் பார்த்து, இதில் அடைப்பு இருக்குமோ என்று கேட்டீர்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். என்ஜின் அறைக் குழாய்கள் மாதிரி அவற்றைக் கவனித்தீர்கள். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை, என்னைத் தூக்கி உட்காரவைத்து, கூன் போட்டு நடந்தவளுக்குக் கைகொடுத்து, எல்லாம் செய்தீர்கள். குழாயைப் பார்த்தீர்கள், என்னைப் பார்க்கவில்லை. உங்களால் பார்க்க முடியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். குழாய்களை எடுத்த நாளிலிருந்து உடை மாற்றும்போது நம் அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். நீங்கள் வெளியே நிற்பது கதவிடுக்கில் தெரியும். தட்டாமல் போய்விடுவீர்கள். நான் கூச்சப்படுகிறேன் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். இன்றைக்குத்தான் எனக்கு அது தோன்றியது.

டாக்டர் பார்த்தாயிற்று, நர்ஸ்கள் பார்த்தாயிற்று, கேப்டன் பார்த்தாயிற்று. போன மாதம் மகள் நேராகக் கேட்டாள், பார்த்தாள், "தையல் கொஞ்சம் கோணல்மா, நானா இருந்தா நேரா போட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டுக் காலேஜுக்குப் போனாள். இன்று பாட்டு டீச்சரும் பார்த்துவிட்டாள். மிச்சம் நீங்கள் ஒருவர்தான்.

நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். எனக்கும் பயம்தான். நீங்கள் வரும் நாளில் மகளைக் கேப்டன் கடைக்கு அனுப்பிவிடுவேன். ஜன்னல் திரையை விலக்கி வைப்பேன், பகல் வெளிச்சம் வரட்டும். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருக்க மாட்டேன். தட்ட வேண்டாம், உள்ளே வாருங்கள். குழாய் எல்லாம் எடுத்தாகிவிட்டது. பார்ப்பதற்கு இப்போது நான் மட்டும்தான் இருக்கிறேன்.

பத்திரமாக இறங்கி, நல்லபடியாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
என்றும் உங்கள்
பக்கத்து இருக்கைக்காரி