காய்வதற்குப் பதினைந்து நிமிடம்

மார்ச் 2, திங்கள்

இத்தனை நேரம் கழித்து எழுத உட்கார்வதற்கு மன்னித்துவிடு, நோட்டே. பாப்பா இப்போதுதான் கண் மூடினாள். நாளைக்கு எழுதலாம் என்று விட்டால் நாளைக்கும் இதே கதைதான்.

ஏழு மாத விடுப்பு முடிந்து இன்று வேலைக்குப் போனேன். பெயிண்ட் கம்பெனியின் மொட்டை மாடியில் என் தகடுகள் எல்லாம் அப்படியே நிற்கின்றன. இருநூற்று நாற்பது தகரத் தகடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயிண்ட். பாதி வெறும் வெயிலில், பாதி கண்ணாடிக்குப் பின்னால். எது எத்தனை நாளில் வெளுக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் ஒவ்வொன்றாக நானே நிறுத்தி வைத்தவை. பார்த்ததும் அழுதுவிட்டேன். தகரத்தைப் பார்த்து அழுகிற முதல் பெண் நான்தான்.

ஆனால் என் முகம்? வயிற்றில் பாப்பா இருந்தபோது இரண்டு கன்னத்திலும் வந்த மங்கு அவள் பிறந்த பிறகும் போகவில்லை. வலது கன்னத்தில் இன்னும் கறுத்திருக்கிறது. ஃபவுண்டேஷனை அள்ளி அப்பிக்கொண்டு போனேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. நான் இல்லாதபோது என் தகடுகளைப் பார்த்துக்கொண்ட டைக்காரர் (எந்த வெயிலிலும் கழுத்தில் டை தொங்கும், அதனால் இந்தப் பெயர்) லிஃப்டிலேயே கேட்டுவிட்டார்: “என்ன மேடம், உடம்பு கிடம்பு சரியில்லையா?”

மதியம் மேனேஜர் கூப்பிட்டார். “இருபத்தாறாம் தேதி பாலம் கட்டுற கம்பெனிலேர்ந்து வராங்க. மாடில நின்னு எல்லாத்தையும் விளக்கணும். யார் விளக்குறாங்களோ அவங்க கையிலதான் புதுப் பிரிவு. நீங்களா, அவரா?”

“யோசிச்சுச் சொல்றேன் சார்.”

எதை யோசிக்க? ரெண்டு வருஷம் உழைச்சது நான். ஆனா நடுப்பகல் வெயில்ல, பத்துப் பேருக்கு முன்னாடி, இந்த மூஞ்சியோட...

மார்ச் 4, புதன்

தோல் டாக்டரிடம் போனேன். இவர், என் வீட்டுக்காரர், வெளியே பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தபடியே இருந்தார்.

“வெயில்ல நிறைய சுத்துவீங்களா?”

“இல்லையே டாக்டர். ஏழு மாசமா வீட்டுக்குள்ளதான்.”

“அப்போ வலது பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு?” அவரும் பார்த்தார், நானும் கண்ணாடியில் பார்த்தேன். தெரியவில்லை.

பால் கொடுப்பதால் நிறத்தை வெளுக்கும் மருந்து இப்போது வேண்டாம் என்றார். தினமும் சன்ஸ்கிரீன். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி, முகத்துக்கும் கழுத்துக்கும். மேக்கப் போடலாமா என்று பயந்து பயந்து கேட்டேன். “தாராளமா. முதல்ல இது, அப்புறம் அது. வரிசை மாறக்கூடாது, அவ்வளவுதான்.”

அவ்வளவுதானாம். கேட்க எவ்வளவு சுலபம்.

மார்ச் 5, வியாழன்

இரண்டு விரல் நீளம் என்பது எவ்வளவு என்று பிதுக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பாதியைத் திரும்பக் குழாய்க்குள் தள்ள முடியுமா என்றுகூட யோசித்தேன். பூசியதும் முகம் சாம்பல் வெள்ளை. அத்தை டீ டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டார்.

“ஏம்மா, வீட்டுக்கு வெள்ளை அடிக்க ஆள் வந்திருக்கா?”

பாப்பா என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். பெற்ற மகளுக்கே அடையாளம் தெரியவில்லை.

மார்ச் 6, வெள்ளி

நேரம் மிச்சம் பிடிக்கலாம் என்று சன்ஸ்கிரீனையும் ஃபவுண்டேஷனையும் உள்ளங்கையில் ஒன்றாகக் குழைத்துப் பூசினேன். திட்டுத் திட்டாக நின்றது. இதுவும் இல்லை, அதுவும் இல்லை. சொந்தச் செலவில் சூனியம்.

மார்ச் 9, திங்கள்

இன்று நடந்ததை எழுதவே கை வரவில்லை.

காலை ஓட்டம் தெரியும்தானே. பாப்பாவைக் குளிப்பாட்டி, பால் பாட்டில்களை அடுக்கி, கடைசியில் எனக்கு மிஞ்சியது நான்கு நிமிடம். சன்ஸ்கிரீனைப் பூசி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே ஃபவுண்டேஷனைத் தேய்த்துக்கொண்டு ஓடினேன். பதினொரு மணிக்குக் கூட்டம். பேசிக்கொண்டிருக்கும்போது கன்னம் அரித்தது, லேசாகத் தொட்டேன். ரப்பரால் அழித்தால் திரி திரியாக வருமே, அப்படியே என் முகம் உருண்டு உருண்டு மேசையில் விழுந்தது.

டைக்காரர் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். “மேடம், ஏதோ உதிருது.”

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதுதான் இன்னும் வலித்தது.

கழிவறையில் நின்று அழுதேன். அழுத கோடும் முகத்தில் தனியாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து குளியலறைக் கண்ணாடி மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டேன்.

மேனேஜருக்கு மெயில் எழுதிட்டேன். ‘அவரே விளக்கட்டும்.’ அனுப்பப் போற நேரத்துல பாப்பா வீல்னு கத்தினா. இப்போ டிராஃப்ட்ல கிடக்கு. அனுப்பிடவா? அனுப்பிட்டா நிம்மதிதானே? நிம்மதியா அது?

மார்ச் 11, புதன்

அனுப்பவில்லை. ஏன் என்றால் இதோ.

தகடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர் பிரஷ் அக்கா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், வாய் மட்டும் நாற்பது வயது மூத்தது. புதுத் தகடு ஒன்றில் பெயிண்ட் சுருங்கி உரிந்திருந்தது. எனக்கு முந்தாநாள் கோபம் வேறு பாக்கி.

“என்னக்கா இது? முதல் கோட்டு காயறதுக்குள்ள மேல் கோட்டு அடிச்சீங்களா? எத்தனை தடவை சொல்றது? அடியில ஈரம் இருந்தா மேல எது நிக்கும்? அதுல போட்டு இழு இழுன்னு இழுத்திருக்கீங்க வேற!”

பிரஷ் அக்கா பிரஷ்ஷைக் கீழே வைத்தார். என் முகத்தையே பார்த்தார்.

“சரிங்க மேடம், தப்புதான். ஆனா உங்க கன்னத்துலயும் உரிஞ்சிருக்கே. அதுக்கு எவ்வளவு நேரம் காய விட்டீங்க?”

கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு சிரிப்பு வந்தது. இருவரும் தகட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ஆறு வருடமாக இதே பாடத்தை ஊருக்கெல்லாம் ஒப்பிக்கிறேன். என் மூஞ்சிக்கு மட்டும் நாலு நிமிடம்! ஊருக்குத்தான் உபதேசம்.

மார்ச் 12, வியாழன்

முகத்தில் சோதனை செய்வதை நிறுத்திவிட்டேன். தகட்டில் செய்வது போல முறையாகச் செய்தேன். இடது முன்கையில் பேனாவால் ஒன்பது கட்டம். எல்லாவற்றிலும் சன்ஸ்கிரீன். முதல் வரிசைக்கு உடனே ஃபவுண்டேஷன், இரண்டாவதுக்கு ஐந்து நிமிடம் கழித்து, மூன்றாவதுக்குப் பதினைந்து நிமிடம் கழித்து. ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கட்டம் விரலால் தேய்த்து, ஒன்று பிரஷ்ஷால் இழுத்து, ஒன்று ஈர ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி.

இவர் எட்டிப் பார்த்தார். “கையில என்னடி, தாயக்கட்டமா? நானும் ஆட்டத்துக்கு வரலாமா?”

“கையைத் தொட்டீங்கன்னா தெரியும் சேதி.”

ஒரு மணி நேரம் கழித்துச் சட்டைக் கையால் தேய்த்துப் பார்த்தேன். எட்டுக் கட்டம் ஏதோ ஒரு வகையில் உருண்டது, திட்டாயிற்று. ஒன்பதாவது அசையவில்லை. பதினைந்து நிமிடம், ஒற்றல். தேய்க்கவே கூடாது.

பதினைந்து நிமிடத்துக்குக் காலையில் எங்கே போவது? இருக்கிறதே! பாப்பா காலையில் பால் குடிக்கப் பதினைந்து நிமிடம். எழுந்ததும் சன்ஸ்கிரீன், பிறகு பால், அவள் ஏப்பம் விட்டதும் மேக்கப். கன்னத்தை அவள் தொடாமல் இருக்கக் கையில் ஒரு துணி முயலைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

மார்ச் 15, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்! வலது கன்னத்தை!

பால் கொடுக்கிற நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலோரம் இருக்கிற அதே நாற்காலிதான், பாப்பா பிறந்த நாளிலிருந்து காலையும் மாலையும் என் இடம். முகத்தில் சன்ஸ்கிரீன் காய்ந்துகொண்டிருந்தது. முயல் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தபோது கைப்பிடித் துணியைப் பார்த்தேன். இடது கைப்பிடி கரும்பச்சை. வலது கைப்பிடி வைக்கோல் நிறம். வாங்கும்போது இரண்டும் ஒரே பச்சைதான்.

வெளுப்பதைப் பார்ப்பதுதானே என் தொழில்! வலது பக்கம்தான் ஜன்னல். கண்ணாடி மூடித்தான் இருந்தது. மூடியிருந்தால் என்ன? கண்ணாடிக்குப் பின்னால் வைத்த நூற்றிருபது தகடும் வெளுக்கிறது என்று அறிக்கை எழுதியவளே நான்தானே! வெயில் சுடாது, ஆனால் வெளுக்க வைக்கும் கதிர் கண்ணாடியைத் தாண்டி வரும். ஆறு மாதமாக அந்தத் துணியும் என் கன்னமும் ஒரே ஜன்னலில் காய்ந்திருக்கின்றன. துணி வெளுத்தது, கன்னம் கறுத்தது, அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டுக்குள்தான் இருந்தேன் என்று டாக்டரிடம் அடித்துச் சொன்னேனே!

பயமும் வந்தது. பாப்பாவுக்கு? அவள் தலை எப்போதும் என் நிழலில்தான் இருந்தது. இரண்டு தடவை யோசித்து உறுதி செய்துகொண்டேன். மூன்றாவது தடவை இவரைக் கேட்டேன். நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுவிட்டார்.

குளியலறைக் கண்ணாடியிலிருந்து துண்டை எடுத்தேன்.

மார்ச் 16, திங்கள்

டிராஃப்டை அழித்தேன். மேனேஜர் அறைக்குப் போய், உட்காராமலே சொன்னேன்: “இருபத்தாறாம் தேதி நான்தான் பேசுவேன் சார்.”

“யோசிக்க ரெண்டு வாரமா?”

“காயறதுக்கு நேரம் ஆகும் சார்.”

அவருக்குப் புரியவில்லை. பரவாயில்லை.

மார்ச் 19, வியாழன்

டாக்டரிடம் போனில் கேட்டு, நிறம் கலந்த சன்ஸ்கிரீனுக்கு மாறினேன். மங்குக்கு இதுதான் இன்னும் நல்லதாம். வெள்ளை போயிற்று. மேலே ஃபவுண்டேஷன் முன்பு போட்டதில் கால்வாசி போதும். அத்தை கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இன்னிக்கு ஆள் வெள்ளை அடிக்க வரலையா?”

“லீவுல போயிட்டாங்க அத்தை.”

“எனக்கும் கொஞ்சம் போட்டு விடு. வெளியே போறேன்.”

இரண்டு விரல் நீளம் பிதுக்கினேன். “அடியாத்தீ, இவ்வளவா!” என்றார். எனக்குள் ஒரு சின்ன ஆனந்தம்.

மார்ச் 25, புதன்

நாளைக்கு. மாடியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டும். இரண்டு மணிக்கொரு தடவை திரும்பப் பூச வேண்டும், மேக்கப்புக்கு மேலேயே. அதையும் ஸ்பாஞ்சால் ஒற்றிப் பழகிவிட்டேன். ஆனால் மாடியில் முகம் பார்க்கக் கண்ணாடி கிடையாது. பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தால்? மழை வந்தால்? என் குரல் உடைந்தால்? தூங்கு, முட்டாளே.

மார்ச் 26, வியாழன்

எழுதுகிறேன், எழுதுகிறேன், எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

ஆறு பேர் வந்தார்கள். தலைமை தாங்கியவர் ஒரு மூத்த பெண் இன்ஜினியர், நரைத்த குட்டை முடி, சிரிப்பே இல்லை. ஒன்றரை மணி நேரம் வரிசை வரிசையாக விளக்கினேன். எந்தத் தகடு எந்த மாதம் வெளுக்கத் தொடங்கியது என்பதெல்லாம் தாளைப் பார்க்காமலே வந்தது. வியர்த்தது. முகம் உருளவில்லை!

கண்ணாடி வரிசைக்கு வந்ததும் அந்த அம்மா மடக்கினார். “இதை நான் நம்பலை. கண்ணாடி வெயிலைத் தடுக்கும்தானே? உங்க கணக்குல ஏதோ தப்பு.”

டைக்காரர் ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தார். மேனேஜர் என்னைப் பார்த்தார். ஃபைலில் எண்கள் இருக்கின்றன. அந்த எண்களைத்தான் அவர் நம்பவில்லையே.

பையிலிருந்து ஈரத்துணியை எடுத்தேன். என் வலது கன்னத்தைத் துடைத்தேன். பிறகு இடது. எல்லாவற்றையும். நடுப்பகல் வெயிலில், ஆறு பேர் முன்னால், நானே.

“ரெண்டு கன்னத்தையும் பாருங்க மேடம். ஆறு மாசம் மூடின ஜன்னல் பக்கத்துல உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். ஜன்னல் இருந்தது வலது பக்கம். வெளியே வெயில்ல போகவே இல்லை.”

அந்த அம்மா கிட்டே வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு கன்னம், மறு கன்னம் என்று தகட்டைப் பார்ப்பது போலவே பார்த்தார். பிறகு கண்ணாடி வரிசைத் தகடுகளைப் பார்த்தார்.

“சரி. நம்புறேன்.” கொஞ்சம் நிறுத்தி, “நான் கார்ல போறேன் தினமும், ரெண்டு மணி நேரம். ஜன்னலோரம். அதான் எனக்கும் இந்தப் பக்கம்...” என்று தன் கன்னத்தைத் தொட்டுக்கொண்டார்.

நான் சன்ஸ்கிரீனைப் பிதுக்கினேன். முகம் பார்க்கக் கண்ணாடி இல்லையே என்று தடுமாறுவதற்குள் பிரஷ் அக்கா பெயிண்ட் படாத பளபளக்கும் தகடு ஒன்றைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தார். “பூசுங்க மேடம், நான் பிடிச்சிக்கறேன்.” பூசினேன். வந்தவர்களிடம் திரும்பிச் சொன்னேன்:

“இது காயப் பதினஞ்சு நிமிஷம் ஆகும். அதுக்குள்ள அடுத்த வரிசையைப் பார்த்துடலாம்.”

சிரிப்பே இல்லாத அந்த அம்மா சிரித்துவிட்டார். பதினைந்து நிமிடம் கழித்து மேக்கப் போட வேண்டும் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. மீதி நேரம் முழுக்க என் மங்கோடுதான் பேசினேன். லிஃப்டில் டைக்காரர் டையைத் தளர்த்திக்கொண்டே கேட்டார்: “மேடம், அது என்ன கிரீம்? எனக்குக் கழுத்துக்கு மேல ஒரு நிறம், கீழ ஒரு நிறம்.”

மார்ச் 27, வெள்ளி

கையெழுத்தாகிவிட்டது. புதுப் பிரிவு எனக்கு. பாப்பா முதல் தடவையாகக் குப்புற விழாமல் தனியாக உட்கார்ந்தாள். எதற்கு அதிகம் கத்தினேன் என்று சொல்ல மாட்டேன்.

மார்ச் 30, திங்கள்

மங்கு போகவில்லை. லேசாக வெளிறியது போல ஒரு தோற்றம், அதுவும் என் ஆசையாக இருக்கலாம். இன்று சன்ஸ்கிரீன், மேலே கொஞ்சம் பவுடர், உதட்டுக்குச் சிவப்பு. ஆசைக்குப் போட்டேன், மறைக்க அல்ல.

மேனேஜருக்கு இன்று அனுப்பிய கடிதத்தை இங்கே எழுதி வைக்கிறேன். டிராஃப்டில் ஒரு நிமிடம்கூட இருக்கவில்லை.

‘புதுப் பிரிவின் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறேன். மொட்டை மாடியில் வேலை செய்பவர்களுக்கு நான்கு பொருட்கள் தேவை: நிழலுக்கு ஒரு கூரை, முகம் கழுவ ஒரு தொட்டி, எல்லோருக்கும் பொதுவாகச் சன்ஸ்கிரீன், ஆள் உயரத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. கோடை நெருங்குகிறது. தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.’