நீங்கள் படுக்காத நீலம்

மழை ஓய்ந்து முதல் வெயில் அடித்தால் போதும், போர்ட் பிளேயரின் டெலானிபூர் குவார்ட்டர்ஸில் எல்லார் வீட்டு மானமும் கொடிக்கு வந்துவிடும். பூஞ்சை பிடித்த தலையணை, மடிப்பு கலையாத கல்யாணக் கோட்டு, எதிர்வீட்டு இன்ஜினியரின் ஓட்டை பனியன், எதுவும் தப்பாது. நானும் இன்று பீரோவின் அடித்தட்டிலிருந்து உங்கள் நீலத்துணியை எடுத்தேன், மேடம். வெயிலில் பிறந்த துணி வெயிலில் கிடந்தால் வெளுத்துவிடும் என்று நீங்கள் சொல்லியிருந்ததால், வராந்தா நிழலில் கட்டினேன். பாச்சை உருண்டை வாசனை மூக்கில் ஏறியது.

பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் வந்து நின்றார். அவர் எங்கள் பிளாக்கின் வானொலி நிலையம். நான் துணை நிலையம். துணியில் வெள்ளை வெள்ளையாகப் படுத்திருக்கும் குழந்தை உருவங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தவர், கடைசியில் கலங்கலாகத் தெரியும் உருவத்தருகே நின்றுவிட்டார்.

"தீதி, யே மோட்டா பூத் கௌன் ஹை?"

இந்தக் குண்டுப் பேய் யார் என்று கேட்கிறார். உங்கள் நினைவு வந்துவிட்டது.

சென்னையிலிருந்து நவீன ஓவியர் ஒருவர் பள்ளிகளுக்கு வருகிறார், அவருக்கு இந்தி தெரியாது, கூடவே போங்கள் என்று பள்ளி டீச்சரான என்னை அனுப்பினார்கள். தமிழும் இந்தியும் ஒரே சத்தத்தில் பேசுவேன் என்பதுதான் என் தகுதி. பெரிய பொட்டும் சணல் பையும் இருக்கும் என்று வீட்டில் சொல்லிவிட்டு விமான நிலையத்துக்கு வந்தேன். இரண்டும் இருந்தன. என் வயதுதான் உங்களுக்கும் என்பதை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை.

சுனாமிக்குப் பிறகு எங்கள் பிள்ளைகளிடம் கிரேயான் பெட்டியோடு வராத ஆளில்லை. வந்தவர்கள் எல்லாரும் அலையை வரையச் சொன்னார்கள். பாராடாங் தீவுப் பள்ளியில் நீங்கள் பையைத் திறப்பதற்குள்ளேயே ஒரு பெண் எழுந்து, "மேடம், லெஹர் பனாவூம்?" என்றாள். அலை வரையட்டுமா என்கிறாள் என்றேன்.

"நீ பார்த்தியான்னு கேளுங்க டீச்சர்."

கேட்டேன். பார்க்கவில்லையாம். அந்த மேட்டுக்கு அலை ஏறவே இல்லை. ஆனால் வரையத் தெரியுமாம், நன்றாக வருமாம். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. "இன்னிக்கு யாரும் எதுவும் வரைய வேண்டாம்" என்றீர்கள்.

மருந்து தடவிய அந்த நீண்ட துணியை மைதானத்தில் விரித்து, வெளிச்சத்தைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் மிக அழகாகப் பேசினீர்கள். நான் இந்தியில் சொன்னேன்: "லேட் ஜாவோ. ஹில்னா மத்." படுங்கள், அசையாதீர்கள்.

"நான் அவ்வளவு பேசினேனே டீச்சர்."

"மீதிய வெயிலே சொல்லிக்கும் மேடம்."

சொல்லத்தான் செய்தது. உடம்பு மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும், வெயில் பட்ட இடமெல்லாம் நீலமாகும். பிள்ளைகள் பிடித்ததைக் கையில் வைத்துக்கொண்டு படுத்தார்கள். ஒருத்தி வீட்டுக் கோழியை அணைத்தபடி படுத்தாள். கோழி இருந்த இடத்தில் இன்றுவரை ஒரு வெள்ளைக் கலவரம்.

துணியின் கடைசிப் பாகத்தை மட்டும் கறுப்பு பிளாஸ்டிக்கால் மூடி வைத்திருந்தீர்கள்.

"இது நமக்கு டீச்சர். அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் நான்."

"நான் படுத்தா துணி பத்தாது மேடம். அதுவும் ஒரு டீச்சர் பட்டப்பகல்ல மைதானத்துல மல்லாந்து கிடந்தாள்னா, சாயங்காலத்துக்குள்ள ஜங்லிகாட் மார்க்கெட் முழுக்கப் போயிரும்."

"கொண்டுபோறதே நீங்கதானே" என்றீர்கள். பிறகு கொஞ்சம் தணிந்து, "சரி, நான் மட்டும் படுக்கறேன். எத்தனை ஊர்ல எத்தனை பிள்ளைங்களப் படுக்க வச்சிருக்கேன். ஒரு துணியிலகூட நான் இல்ல. என் முறை வரும்போது நேரம் போயிருக்கும்" என்றீர்கள்.

அன்றும் உங்கள் முறை வந்தபோது டிரைவர் ஹாரன் அடித்தார்.

பாராடாங்கிலிருந்து போர்ட் பிளேயர் திரும்ப, ஜீப்போடு போட்டில் ஏறி அக்கரை போக வேண்டும். அங்கிருந்து காட்டு வழியே வண்டிகளை மொத்தமாகச் சேர்த்துத்தான் விடுவார்கள். கடைசி கான்வாய் போய்விட்டால் தங்க வேண்டியதுதான். கப்பலோ, போட்டோ, கான்வாயோ, ஏதோ ஒன்று நம்மை விட்டுவிட்டுப் போய்விடும் என்ற பயத்திலேயே தீவுக்காரர்களின் ஆயுசு கழிகிறது. எனக்கு அது கொஞ்சம் கூடுதல்.

குழந்தைகள் படுத்த பாகத்தைச் சுருட்டி மூடியாகிவிட்டது. நீங்கள் கறுப்பு பிளாஸ்டிக்கை விலக்கினீர்கள். நான் வெயிலுக்கு முதுகைக் காட்டி, துணியின் ஓரத்தில், ஒரு கையில் குடையைப் பிடித்தும் மறு கையை ரோட்டுப் பக்கம் நீட்டியும் நின்றேன்.

"கிளம்புங்க மேடம், போட் போயிரும்."

"பத்து நிமிஷம் டீச்சர்."

"பத்து நிமிஷத்துல அது அக்கரையில நிக்கும். எங்க ஊர் போட்ட உங்களுக்குத் தெரியாது."

எதிர்ப்பக்கம் ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் செருப்பில்லாமலும் நின்று நீங்கள் வாதாடினீர்கள். நானும் விடவில்லை. அதற்குள் துணியின் நிறம் மாறிவிட்டது.

"போச்சு. இனிமே படுத்தா பிடிக்காது" என்று சொல்லிவிட்டு, மறு செருப்பையும் மாட்டிக்கொண்டீர்கள்.

ஜெட்டிக்குப் போனோம். போட் இல்லை. இன்ஜின் கோளாறாகி அக்கரையிலேயே நின்றது. அது வராமல் கான்வாயையும் விடமாட்டார்கள் என்றார் டீக்கடைக்காரர். உச்சி வெயிலில் ஆறிப்போன சமோசாவோடு உட்கார்ந்தே இருந்தோம்.

"இந்நேரத்துக்கு நான் படுத்து, குறட்டையும் விட்டிருப்பேன் டீச்சர்."

சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். நானும் ஒப்புக்குச் சிரித்தேன். அன்று போட்டை என் அளவுக்குத் திட்டியவள் யாருமில்லை.

கழுவினால்தான் நீலம் நிலைக்கும் என்று நீங்கள் சொன்னதால், மறுநாள் என் வீட்டுக் குளியலறையில் அலசினோம். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் தண்ணீர். எங்கள் வீட்டுக்காரர் அன்று குளிக்காமலே ஆபீஸ் போனார். குழந்தைகள் வெள்ளையாக வந்தார்கள். கோழி வந்தது. கடைசிப் பாகம் வந்தபோது நீங்கள் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். குட்டையாக, அகலமாக, குடையும் நீட்டிய கையுமாக என் நிழல்.

"வரமாட்டேன்னு அடம் பிடிச்சவங்க மட்டும் வந்திருக்கீங்க."

உங்கள் சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமாயிற்று. சுக்குத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். இந்தக் குவார்ட்டர்ஸில் யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் கொதிப்பு என்று மனப்பாடமாகச் சொல்லும் நான், உங்களுக்கு என்ன என்று கேட்கவில்லை. அன்று மாலை உங்களுக்கு விமானம். அதற்கும் நான்தான் அவசரப்படுத்தினேன்.

பாராடாங் பள்ளியில் அதை ஆண்டு விழாவுக்குத் திரையாகக் கட்டினார்கள். அப்புறம் வைக்க இடமில்லை என்று துணியை என்னிடமே அனுப்பிவிட்டார்கள். நீங்கள் எப்போதாவது கூப்பிடுவீர்கள். எடுத்தவுடன் ஒரே கேள்விதான்: "என் இடம் காலியா இருக்கா டீச்சர்?" அடுத்த முறை புதுத்துணி கொண்டுவருவதாகவும், எனக்காகக் கொஞ்சம் அகலமாகவே எடுப்பதாகவும் சொல்வீர்கள்.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் உங்கள் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. "காலியாத்தான் இருக்கு மேடம், வாங்க" என்று முந்திக்கொண்டு சொன்னேன். எதிர்முனையில் உங்கள் தங்கை. நீங்கள் தவறிவிட்டதாகச் சொன்னார்.

வங்காளி அம்மாள் இன்னும் போகவில்லை. "அது நான்தான்" என்று இந்தியில் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இன்று பொழுது சாய்வதற்குள் பிளாக் முழுக்கப் போய்விடும், போகட்டும். பிறகு, அந்தக் கை எதைக் காட்டுகிறது என்று கேட்டார்.

"போட் போயிரும்னு சொல்றேன்."

"யார்கிட்ட?"

நிழலுக்கு எதிரே விரல் வைத்துத் தேடினார். அங்கே யாரும் இல்லை. துணியிலேயே அடர்ந்த நீலம் அந்த இடத்தில்தான். வெயில் தடையில்லாமல் விழுந்திருக்கிறது.

மடித்து உள்ளே வைத்துவிட்டேன், மேடம். இப்போதும் யாராவது பத்து நிமிஷம் கேட்டால் அவசரப்படுத்த என் வாய் தானாகத் திறக்கிறது; அந்த நீலம் நினைவுக்கு வந்தால் மூடிக்கொள்கிறது. துணியில் மட்டும் வாயை மூட வழியில்லை. அங்கே நான் இன்னும் குடையைப் பிடித்துக்கொண்டு, கையை நீட்டிக்கொண்டு, உங்களைக் கிளம்பச் சொல்லியபடியே நிற்கிறேன்.